பத்துக்கு ரெண்டு மார்க் வலி

சிங்காநல்லூர்,
ஞாயிறு காலை

அன்பு மகள் பிந்துவுக்கு அப்பா எழுதுவது. கனடா குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை தேஜாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கு நான் நலம் என்று எழுதத்தான் கை போனது, இந்த ஒரு தடவை நிறுத்திக்கொண்டேன்.

என் கால் பெருவிரலில் வரும் கவுட் வாதத்துக்காக ஆஸ்பத்திரி ஆராய்ச்சி ஒன்றில் சேர்ந்தேன் அல்லவா, ஒரு வருடம் முடிந்தது. மாதா மாதம் டாக்டர் ரம்ஷா போன் செய்து, வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க என்று கேட்கும். உன் வயதுப் பெண், அதனிடம் போய் என்ன புலம்புவது என்று, ரெண்டுதானுங்க அம்மணி, பரவாயில்லைங்க என்பேன். செருப்புக்குள் கால் நுழையாத மாதத்திலும் ரெண்டுதான். மாத்திரை நோட்டிலும் எல்லா நாளுக்கும் டிக் அடித்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை கடைசி ஸ்கேன். மூட்டில் படிந்த யூரிக் ஆசிட் உப்பு அதில் பச்சையாகத் தெரியும், அதை அளந்துதான் மருந்து வேலை செய்ததா என்று பார்க்கிறார்கள். போன வருடப் படத்தைப் பக்கத்தில் வைத்தால், குறைந்திருக்க வேண்டிய பச்சை கணுக்கால் வரை ஏறியிருக்கிறது. அங்கிள், நீங்க சொல்றது ஒண்ணு, படம் சொல்றது ஒண்ணா இருக்குதுங்களே, மாத்திரை சாப்பிட்டீங்களா இல்லையா என்று ரம்ஷா கேட்டது. காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று சீட்டில் எழுதியிருந்தது கண்ணு. உன் அம்மா போன பிறகு பாதி நாள் நான் காலையில் சாப்பிடுவதே இல்லை, எனக்கு ஒருவனுக்காக அடுப்பைப் பற்றவைக்க மனசு வருவதில்லை. சாப்பாடு இல்லாததால் மாத்திரையும் இல்லை. இதைச் சொல்லும்போது அந்தப் பெண் முன்னால் அழுதுவிட்டேன், வெட்கமாகப் போய்விட்டது. அது திட்டவில்லை. சாப்பிடாட்டியும் மாத்திரையைப் போட்டுருங்க என்றது. வீட்டில் யாருங்க இருக்காங்க என்று கேட்டதற்கு, மகள் இருக்காளுங்க என்றேன். எங்கே என்று சொல்லவில்லை.

எதிர்வீட்டுத் தனபால் தினமும் சாப்பிடக் கூப்பிடுகிறார். ஒரு நாள் போனேன். அவர்கள் வீட்டுப் பேச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு நம் வீட்டுக் கதவைத் திறந்தது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஞாயிறுதோறும் எப்படி இருக்கீங்கப்பா என்று நீ கேட்கிறாய், நல்லா இருக்கேன் கண்ணு என்கிறேன். அதுவும் அந்த ரெண்டு மார்க்தான். இன்று சாயங்காலமும் அதையேதான் சொல்வேன், பழகிவிட்டது. எழுத்தில்தான் உண்மை வருகிறது. வலி எட்டு. வீட்டில் ஆளில்லாதது பத்து.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள். குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. இந்த லெட்டரைப் பற்றிப் போனில் கேட்காதே, சும்மா எழுதினேன் என்று சொல்லிவிடுவேன். டிக்கெட் போட்டுவிட்டு என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் சொல்.

உன் அப்பா,
சென்னகிருஷ்ணன்