கப்பல் தூக்கியும் கறித்தூளும்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, வெள்ளவத்தையில் அக்காவின் தொடர்மாடி வீட்டில் குடும்பத்தின் மூத்தவர்கள் எல்லோரும் கூடி, ஜேர்மனிக்குப் போகும் கறித்தூளை இரட்டைப் பொலித்தீனில் கட்டுவதா, பால்மா டின்களில் அடைப்பதா என்ற கேள்விக்கு இறுதி முடிவு கண்டார்கள். பால்மா டின் என்று தீர்மானமானது. எதிர்த்தவர் அத்தான் ஒருவர்தான். அவருடைய எதிர்ப்பைப் பொறுமையாகக் கேட்டு முடித்தபின், டின் தேடி வர அவரையே அனுப்பினார்கள். இந்த நாட்டில் அரசியல் யாப்புகளை இதைவிடக் குறைந்த விவாதத்தோடு மாற்றியிருக்கிறார்கள்.

டின் வந்தது. அத்தானின் அம்மா, நான் மாமி என்று கூப்பிடுகிறவர், தூள் பொதிகளை அவிழ்த்தார். வறுத்து இடித்த மிளகாயும் மல்லியும் சேர்ந்த அந்த மணம் எழுந்து கூடத்தை நிரப்பியது. நான் தும்மினேன். தும்மி முடித்தபோது உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன். நீ போய் இரண்டு வருடமாகிறது. உன்னை நினைவுபடுத்த ஒரு கவிதையோ பாட்டோ கிடைத்திருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். கிடைத்தது இதுதான்.

அக்காவின் மகள் தர்ஷி, நாம் போனது போலவே, மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்கு ஜேர்மனி போகிறாள். ஒரு பொறியியல் மாணவிக்குத் தொழிற்சாலை அனுபவம் கிடைக்கப்போகிறது என்று பல்கலைக்கழகம் நினைக்கிறது. குடும்பம் அதை முப்பது கிலோ என்று விளங்கிக்கொள்கிறது. ஐரோப்பாவில் ஒரு பிள்ளை எதைக் கற்கும் என்று எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கேட்கவில்லை. பெட்டியில் எவ்வளவு இடம் மிச்சம் என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

நம் காலத்தில் அந்த மிச்ச இடம் உன்னிடம்தான் இருந்தது. உனக்கு ஐரோப்பாவில் உறவென்று ஒருவரும் இல்லை. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இறங்கி வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் விற்பனையாளராக இருந்தவர் உன் அப்பா. உன் பெட்டியில் இரண்டு கால்சட்டை, சில சேர்ட், ஒரு சுவெட்டர், மிச்சமெல்லாம் காற்று. இந்தச் செய்தி வெள்ளவத்தைக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. கொட்டாஞ்சேனையில் பஸ் மாறுவதற்குக்கூட இறங்காத மனிதர்கள் உன் வீட்டைத் தேடிப்பிடித்து வந்தார்கள். உன் அம்மா கதிரையைத் துடைத்துப் போட்டார். அவர்கள் உட்காரவில்லை. தேநீர் வேண்டாம், இப்பதான் குடிச்சனாங்கள் என்றார்கள். "ஒரு சின்னப் பார்சல்தான் தம்பி" என்று அரிசி மூட்டைக்குச் சித்தப்பா மகன் போல ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள்.

"பரவால்ல அன்ட்டி, வைங்க" என்றாய் நீ, ஒவ்வொருவரிடமும், ஒரே புன்னகையோடு. உன்னுடைய அந்தப் புன்னகையை எனக்கு அன்றே பிடிக்கவில்லை.

ஜேர்மன் சுங்கத்தில் அதிகாரி உன் பெட்டியைத் திறந்தார், தும்மினார், இன்னொருவரைக் கூப்பிட்டார், அவரும் தும்மினார். இதெல்லாம் என்ன என்று கேட்டார்கள். சாப்பாடு என்றாய். மூன்று மாதத்துக்கு ஒரு மனிதனுக்கா என்றார்கள். எங்கள் ஊரில் கொஞ்சம் காரமாகச் சாப்பிடுவோம் என்றாய். அவர்கள் உன்னை அச்சத்தோடு பார்த்து வழி விட்டார்கள்.

தொழிற்சாலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது வால்வு செய்யும் இடம். ஓர் இயந்திரம் வால்வுகளை அளந்து கணினியில் போடும். அது சரியாக அளந்ததா என்று நாம் கையால் அளந்து இன்னொரு கணினியில் போட்டோம். நாம் சரியாக அளந்தோமா என்று பார்க்க யாரும் இருக்கவில்லை. நம் மேற்பார்வையாளர் மிக மரியாதையானவர். மூன்று மாதமும் நம் இரண்டு பேரின் பெயரையும் மாற்றிச் சொன்னார். கடைசியில் நான் எழுதிய அறிக்கையில், சர்வதேசத் தொழிற்சூழலில் குழுவாக இயங்கும் திறனைப் பெற்றேன் என்று இருந்தது. உன் அறிக்கையிலும் அந்த வரி இருந்தது. அதை நமக்கு முந்தைய வருட மாணவனின் அறிக்கையில் இருந்து எடுத்தோம். அவன் எங்கிருந்து எடுத்தானோ.

ஆகவே வாழ்க்கை என்று ஒன்று இருந்தது சனி, ஞாயிறில்தான். விடுதியில் இருந்த போலந்துக்காரனும் ஸ்பெயின்காரிகளும் வெள்ளி பின்னேரமே சைக்கிளில் ஏறி ஆற்றங்கரைக்குப் போவார்கள். திங்கட்கிழமை மூக்குத்தோல் உரிந்து வருவார்கள். நீயும் கறுத்துத்தான் வந்தாய். ஆனால் உனக்கு வெயில் பட்டது ரயில் மேடைகளில்.

உனக்கு அந்த நாட்டில் பார்க்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படிக்கும்போது நூலகத்தில் ஒரு பழைய சஞ்சிகையில் அதன் படத்தைப் பார்த்தாயாம்: கப்பல் தூக்கி. கீழே ஓடும் கால்வாயில் இருந்து ஒரு முழுச் சரக்குக் கப்பலை, அது மிதக்கும் தண்ணீரோடு சேர்த்து, ஒரு பெரிய இரும்புத் தொட்டியில் தூக்கி மேலே இருக்கும் கால்வாயில் விடுகிற இயந்திரம். நம் விடுதியில் இருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். வந்த முதல் நாளே நேர அட்டவணையை எடுத்துச் சுவரில் ஒட்டினாய்.

விடுதிக் குசினியில், வாய் வரை தண்ணீர் நிறைத்த சட்டியில் ஒரு கிண்ணத்தை மிதக்கவிட்டு எனக்கு விளங்கப்படுத்தினாய். தண்ணீர் வழிந்து, ஒரு ஸ்பெயின்காரி சாப்பிட வைத்திருந்த பாணை நனைத்தது. "பாத்தியா மச்சான், கப்பல் உள்ள வந்தா அதோட பாரத்துக்குச் சமமா தண்ணி வெளிய போயிரும். கப்பல் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். தொட்டிக்குப் பாரம் ஏறவே ஏறாது."

உன் பெட்டி அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. முதல் சனிக்கிழமை ஒரு அன்ட்டியின் தம்பி வீடு. அடுத்தது இன்னொருவரின் மருமகள் வீடு. அவர்கள் யாரும் ரயில் நிலையத்துக்கு வந்து வாங்கிக்கொள்ள மாட்டார்கள்; நீ கொண்டுபோய்க் கொடுப்பதுதான் மரியாதை. அந்த மரியாதை யாருக்கு என்று நான் கேட்டதில் நீ என்னோடு ஒரு பொழுது கதைக்கவில்லை. போன இடமெல்லாம் வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள். குளியலறை டைல்ஸ், நிலவறை, மழைநீர்த் தொட்டி, பூப்புனித நீராட்டு அல்பம். அவர்கள் தெரு மூலையில் இருந்த தமிழ்க் கடையில் இதே தூளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதை நீ ஒரு முறை பணிவாகச் சுட்டிக்காட்டினாய். "எங்கட வீட்டுத் தூள் மாதிரி வருமே?" என்றார்கள், இருபது வருடமாக அந்த வீட்டில் இல்லாதவர்கள்.

கடைசிச் சனிக்கிழமையை நீ காப்பாற்றி வைத்திருந்தாய். ரயில் டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. வெள்ளி பின்னேரம் கொழும்பில் இருந்து வைபரில் அழைப்பு வந்தது. மாமி. அவருடைய தங்கைக்கு அனுப்பிய பார்சல் மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

"தம்பி, அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு ஒருக்கா எட்டிப் பாருங்கோவன்."

எட்டிப் பார்க்கவேண்டிய ஊர் கப்பல் தூக்கிக்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. நான் கைபேசியைப் பறிக்கப் பார்த்தேன். நீ மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "சரி அன்ட்டி, போறேன்" என்றாய். பிறகு சுவரில் இருந்த அட்டவணையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தாய்.

மாமியின் தங்கை கதவைத் திறந்து நம் இருவரையும் "வாங்கோ தம்பிமார், வாங்கோ" என்று வரவேற்றது உனக்கு ஞாபகம் இருக்கும். என்னிடம் எந்த ஊர் என்றார். அளவெட்டி என்றேன். அளவெட்டியில் யார் யார் என்று ஒரு சுற்றுப் போய், எனக்கும் அவருக்கும் தூரத்து உறவு என்று நிறுவி மகிழ்ந்தார். பிறகு உன் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் அங்காலையோ?"

"இல்ல அன்ட்டி, கொட்டாஞ்சேன."

"அது இப்ப இருக்கிற இடம். சொந்த ஊர்?"

"ஹட்டன்."

"ஓ. தோட்டப் பக்கமே?"

"ஆமா அன்ட்டி."

'ஓம்' என்று வராத அந்த 'ஆமா' அவருக்குப் போதுமாக இருந்தது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வெளிநாட்டில் நெடுங்காலம் இருந்த பண்பட்ட மனிதர். "அப்ப நீர் அந்தப் பார்சலை அப்பிடியே கராஜுக்குள்ள கொண்டுபோய் வையும்" என்றார். கதவைத் தாண்டி வந்தபோது நீ 'நீங்கள்'. கராஜுக்குப் போகும்போது ஒரு படி இறங்கி 'நீர்'. எனக்கு மட்டும் கதிரை காட்டினார். நான் உட்காராமல் உன் பின்னால் வந்தேன்.

கராஜில் காருக்குப் பின்னால் ஓர் அலுமாரி. திறந்தாய். உள்ளே மாமியின் கையெழுத்தில் வருடம் எழுதி ஒட்டிய தூள் பொதிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, உடைக்காமல் இருந்தன. பின்வரிசையில் இருந்தவை மண்ணிறமாகிவிட்டன. பின்னால் வந்து நின்ற அந்த அம்மா கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"எங்களுக்கு டொக்டர் உறைப்புக் கூடாதெண்டிட்டார். வேண்டாமெண்டு சொன்னா அக்கா மனம் நோவா. நீங்கள் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ." இந்த 'நீங்கள்' நம் இருவருக்கும் பொதுவானது, வாயை மூட வேண்டியிருந்ததால் உனக்கும் பங்கு கிடைத்தது. பிறகு, "உம்மட பெட்டி இப்ப வெறுமையாத்தானே போகும்?" என்று இரண்டு குளிர்கோட்டும் ஒரு பை சொக்லேட்டும் கொண்டுவந்தார்.

திரும்பும் ரயிலில் நான் பேசிய பேச்சை இந்த மடலில் எழுத முடியாது. நீ கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாய். மாமியிடம் சொல்லத்தான் போகிறேன் என்றேன்.

"சொல்லாத மச்சான். பாவம், வெயில்ல காய வச்சு, வறுத்து, மில்லுக்குத் தூக்கிட்டுப் போய் இடிச்சிருக்காங்க."

"உன்ர கப்பல் தூக்கி?"

"அது எங்கயும் போவாது." பிறகு ரயிலிடம் சொல்வது போலச் சொன்னாய்: "தூக்குறது எந்த மிசினும் தூக்கும். ஆடாம எறக்கி வைக்கிறதுதான் வேல."

அதை ஞானம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதும் எடுத்துக்கொள்ளவில்லை. நீ இறக்கி வைத்து நான் பார்த்ததே இல்லை. உன் நல்ல மனம் அந்த மனிதர்களுக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. அது இலவசமாகக் கிடைத்த சுமைகூலி. இதை நீ உயிரோடு இருக்கும்போதே உன்னிடம் பலமுறை சொன்னேன். "நீ எழுதுற ஆளு, அப்பிடித்தான் பேசுவ" என்பாய்.

திரும்பி வந்து லிப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் சேர்ந்தாய். வெள்ளவத்தையில் லிப்ட் இல்லாத தொடர்மாடி இல்லை. உனக்கு வேலை இல்லாத நாளும் இல்லை. மாமியின் கட்டடமும் உன் பொறுப்பில் இருந்தது. லிப்ட் நின்றால் மாமி உன் நிறுவனத்துக்கு அழைக்க மாட்டார், உனக்கு அழைப்பார். "தம்பி, மீன் வாங்கிக்கொண்டு கீழ நிக்கிறன்." விடுமுறை நாளிலும் வருவாய். ஜேர்மனிக்குத் திரும்பப் போக இரண்டு முறை காசு சேர்த்தாய். முதல் முறை தங்கையின் கலியாணம் வந்தது. இரண்டாவது முறை காய்ச்சல் வந்தது. டெங்கு என்று தெரிந்தபோது பிந்திவிட்டது.

பொரளை மயானத்தில் நாங்கள் நான்கு பேர் உன்னைத் தூக்கினோம். ஆடாமல் இறக்கி வைத்தோம். மாமியின் கட்டடத்து வைபர் குழுவில் அன்று நிறையக் கும்பிடும் கைகள் வந்தன. அவற்றுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "அப்ப இனி லிப்ட்டுக்கு ஆரைக் கூப்பிடுறது?" பலர் அதற்கு விருப்பம் போட்டிருந்தார்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். டின்களை அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தர்ஷியின் பெட்டியின் அடியில் அடுக்கினார்கள். அவளுடைய சப்பாத்து வெளியே வந்தது. ஆற்றில் நீந்த என்று வாங்கிய உடுப்பும் வெளியே வந்தது. முதல் சனிக்கிழமை எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

"அப்பம்மாவின்ர தங்கச்சி வீட்ட, மாமா. அப்பம்மா சொல்லிட்டா. அடுத்த சனி வேற ஆரோ வீட்ட."

அவளும் உன்னைப் போலவே புன்னகைத்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஓர் எரிச்சலும், உன் பையில் இருந்து உன் அம்மா எடுத்துத் தந்த அந்த மடித்த நேர அட்டவணையும், இறக்கி வைப்பதைப் பற்றிய அந்த ஒரு வாக்கியமும்தான். முதல் இரண்டையும் வருடக்கணக்காக வைத்திருந்தேன். மூன்றாவதை அன்று பயன்படுத்தினேன். பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, டின்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன்.

"தம்பி, அது எங்க போகுது?" என்றார் மாமி.

"குசினிக்கு."

"ஏன், பிளேனில முப்பது கிலோ விடுவினமே!"

"அவை விடுவினம் மாமி. நான் விடமாட்டன்."

பிறகு கராஜைப் பற்றிச் சொன்னேன். அலுமாரி, வருடம் எழுதிய பொதிகள், டொக்டர், எல்லாம். நீ சொல்லாதே என்றதை இத்தனை காலம் காத்தேன்; அந்த ஒப்பந்தம் உன்னோடு செய்தது, தர்ஷியோடு அல்ல. கூடத்தில் ஒருவரும் தும்மக்கூட இல்லை.

"அவள் அப்பிடிச் செய்ய மாட்டாள்" என்றார் மாமி. பிறகு, "அந்தப் பெடியன் பார்த்தவனே?" என்றார்.

"பார்த்தவன். உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டும் சொன்னவன்."

மாமி ஒரு டின்னின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனார். லிப்ட்டுக்குக் காத்திராமல் படியால் போனார்.

மடித்த அட்டவணையைத் தர்ஷியிடம் கொடுத்தேன். நேரங்கள் மாறியிருக்கும், ஊரின் பெயர் மாறியிராது என்றேன். வியாழக்கிழமை பறந்தாள்.

இன்று சனிக்கிழமை. காலையில், கப்பல் தூக்கி இருக்கும் அந்த ஊருக்கு ரயில் ஏறிவிட்டதாக எனக்குச் செய்தி அனுப்பினாள். மாமி குடும்ப வைபர் குழுவில் இருந்து விலகிவிட்டார். டின்களை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மத்தியானம் மீன் குழம்புக்கு முதலாவதை உடைத்தோம்.