பத்து எண்ணி முடிப்பதற்குள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். நீயும், உன் கப்பலின் எஞ்சின் அறையும், அதற்குள் உன் பேச்சைக் கேட்டு ஓடுகிற அத்தனை இயந்திரங்களும் சுகமாக இருக்க வேண்டும். உடம்பளவில் என்று எழுதிவிட்டேனே என்று பதறாதே, யாரும் விழவில்லை, யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கெட்டுப்போனது கணினி. கெடுத்தது நான். நடுக்கடலில் உன் ஃபோன் எடுக்காது, மின்னஞ்சல் அனுப்பலாம் என்றால் அதற்கும் அந்தக் கணினியைத்தான் திறக்க வேண்டும், அதைத் தொடவே இப்போது மனம் வரவில்லை. ஆகவே பேனாவை எடுத்தேன். உன் கம்பெனி அலுவலகத்தில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் சேர்த்துவிடுவார்களாம், எப்படியும் மூன்று வாரம். உன் பதில் எனக்கு உதவும் நேரத்தில் வராது என்று தெரியும். இருந்தாலும் வீட்டில் சொல்ல முடியாததை வேறு யாரிடம் சொல்வேன். அடுத்த அறையிலிருந்து அம்மா "என்ன, ஒரு மணி நேரமா காகிதச் சத்தம் கேக்குது, உயில் எழுதறீங்களா?" என்று இப்போதுதான் கேட்டாள். உனக்குக் கடிதம் என்றேன். "அப்படின்னா நல்ல சேதியா நாலு எழுதுங்க, அவளே தண்ணிக்கு நடுவுல கிடக்கா" என்றாள். யோசித்துப் பார்த்தேன். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. மற்ற மூன்று சேதி கிடைக்கவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், எனக்கு அப்படித்தான் சொல்ல வரும். போன ஞாயிற்றுக்கிழமை மாலை, நீ சொல்லிக்கொடுத்தபடி, கட்டளைகளைத் தட்டுகிற அந்த டெர்மினலைத் திறந்து வாராந்திரப் புதுப்பிப்பைப் போட்டேன். எல்லாம் முடிந்ததும் அது ஒரு பட்டியலைக் காட்டியது. இந்த முப்பத்தொரு மென்பொருளும் இனித் தேவையில்லை, நீக்க வேண்டுமானால் இன்ன கட்டளை என்று. முப்பத்தாறு வருஷம் பதிவறையில் வேலை பார்த்தவனிடம் தேவையில்லை என்று ஒரு பட்டியலை நீட்டினால் என்ன ஆகும், சொல். எங்கள் பதிவறையில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கழிக்க வேண்டுமென்றாலும் இரண்டு கையெழுத்து வேண்டும். என்னுடையது ஒன்று, மேலதிகாரியுடையது ஒன்று. அதனால்தான் அத்தனை வருஷமும் நிம்மதியாகத் தூங்கினேன். ஞாயிறன்று ஒரு கையெழுத்தோடு கழித்துவிட்டேன். ஆமாம் என்று ஒரே ஒரு எழுத்தைத் தட்டினேன், முப்பத்தொன்றும் போயின. திரை சுத்தமாகிவிட்டதைப் பார்த்துச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நீ சொன்னதை எழுதிவைத்த நோட்டில் மூன்றாம் பக்கம் பதினாலாவது வரி, "புரியாததை அழிக்காதீங்கப்பா" என்று இருக்கிறது. அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை அம்மா வழக்கம்போலக் குளித்துவிட்டு வந்து பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய் ஓரம் மட்டும் மிச்சம் என்று டாக்டர் சொன்ன பிறகு ஆறு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ லீவில் வந்து மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக அந்த லினக்ஸைப் போட்டு, கதவு அகலத்துக்கு ஒரு திரையை இணைத்து, எழுத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்த பிறகுதான் தலையைப் பக்கவாட்டில் திருப்பி மறுபடி படிக்க ஆரம்பித்தாள். இரண்டு வருஷமாக ஒரு வாரம்கூடத் தவறாமல் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துக் கட்டம் போகிறது. அந்தத் திரைதான் இந்த வீட்டில் விளக்கு மாதிரி. அது அன்று வரவில்லை. "ஏங்க, திரை போட்டிருக்கா?" என்று கேட்டாள். கணினி ஓடிக்கொண்டிருந்ததால் நான் யோசிக்காமல் "போட்டிருக்கே" என்றேன். அப்புறம்தான் எட்டிப் பார்த்தேன். சிக்னல் இல்லை என்று சின்னதாக ஒரு வரி வந்து மறைந்து, திரை கருத்துக் கிடந்தது. எனக்கு ஞாயிறு மாலை பளிச்சென்று நினைவுக்கு வந்தது. உடனே "கேபிள்ல ஏதோ கோளாறு போல, புதுசு வாங்கணும்" என்று சொல்லிவிட்டேன். மடிக்கணினியைக் கழற்றி என் மேசைக்குக் கொண்டுபோய்விட்டேன். அதன் சொந்தத் திரை வேலை செய்கிறது, ஆனால் அம்மாவுக்கு வேண்டிய அளவில் அதில் மூன்று எழுத்துக்கு மேல் கொள்ளாது, கட்டம் போட முடியாது.

பொய் சொன்ன பிறகாவது ஒழுங்காக வேலை பார்ப்போம் என்று, முதலில் கேபிளையும் பெரிய திரையையும் மாடி வீட்டு நர்ஸின் கணினியில் பொருத்திப் பார்த்தேன். இரண்டும் நன்றாக வேலை செய்தன. அப்போதே தெரிந்துவிட்டது. அப்புறம் கணினிக்குள் தேடினேன். இயந்திரமும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது குட்டிம்மா, என்னைவிட ஒழுங்காக. ஞாயிறு மாலை ஐந்து நாற்பத்திரண்டுக்கு இன்னார் இன்னின்ன பொருளை நீக்கினார் என்று என் பெயரைப் போட்டு எழுதி வைத்திருக்கிறது. பதினேழாவது வரியில் கிராபிக்ஸ் டிரைவர். நீ அன்றைக்கே படம் போட்டுக் காட்டினாய், மடிக்கணினியின் திரைக்கு ஒரு சில்லு, வெளித்திரைக்கு இன்னொரு சில்லு, அந்த இரண்டாவதை ஓட்டுவது இந்த டிரைவர் என்று. வண்டி இருக்கிறது, ஓட்டுநரை நான் வேலையைவிட்டு நீக்கிவிட்டேன்.

புதன்கிழமை பயம் தாங்காமல் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு "ஐயா, இதை யாரு போட்டுக் கொடுத்தா? இதெல்லாம் நம்ம லைன் இல்ல. எல்லாத்தையும் சுத்தமா அழிச்சிட்டு வேற ஒண்ணு போட்டுத் தரேன், சாயங்காலம் வாங்க" என்றார். அழித்தால் உள்ளே இருப்பதெல்லாம் என்று இழுத்தேன். "போகும். என்ன பெரிசா இருக்கப் போகுது, நாலு போட்டோ இருக்கும்" என்றார். அம்மாவின் பதினெட்டாயிரம் சொல் கொண்ட பட்டியலும் இரண்டு வருஷக் கட்டங்களும் இருக்கின்றன. நாம் கடைசியாகப் பிரதி எடுத்து எட்டு மாதம் ஆகிறது. அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, குழந்தையைத் தூக்கி வருவதுபோல மார்போடு அணைத்து நடந்தே வந்தேன். பஸ்ஸில் யாராவது இடித்துவிட்டால்?

பிறகு நானே நோட்டைப் பார்த்து, இணையத்தில் படித்து, டிரைவரை மறுபடி நிறுவினேன். அது பாதியில் ஒரு கடவுச்சொல் கேட்டது, அடுத்த முறை கணினி கிளம்பும்போது வேண்டியிருக்கும் என்றது. ஒன்றைக் கொடுத்து, எழுதி வைத்துக்கொண்டேன். அணைத்துப் போட்டேன். குட்டிம்மா, நான் இதுவரை பார்த்திராத ஒரு நீலத் திரை வந்தது. புதிய சாவியைப் பதிய வேண்டுமானால் பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்து என்று எழுதி, ஒன்பது, எட்டு என்று கீழே இறங்கிக்கொண்டே போகிறது. எந்தப் பொத்தான் என்று சொன்னால் அழுத்தியிருப்பேன். ஏதாவது ஒன்று என்றால்? எனக்கு யார் அந்த அதிகாரத்தைக் கொடுத்தார்கள்? ஏற்கெனவே ஒரு எழுத்தைத் தட்டித்தான் இவ்வளவும் வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூஜ்யம் வந்தது, கணினி தன்பாட்டுக்குக் கிளம்பியது, பெரிய திரைக்குச் சிக்னல் இல்லை. மறுபடி நிறுவினேன், மறுபடி நீலம், மறுபடி கை மடியில். மூன்று முறை. அந்தச் சாவியைப் பதியாவிட்டால் டிரைவரை உள்ளே விட மாட்டார்கள் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் நான்காவது முறை அணைத்துப் போடத் துணிவு வரவில்லை.

இதற்கு நடுவில் அம்மாவின் போக்கு சரியில்லை. ஜன்னல் அருகே நின்று முகத்தைச் சாய்த்துச் சாய்த்துக் கம்பிகளை எண்ணுகிறாள். கொடியில் கிடக்கும் துண்டுகளில் எது பச்சை, எது நீலம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். என்ன செய்கிறாய் என்றால் "சும்மா" என்கிறாள். இன்று காலை பத்திரிகை ஆசிரியர் ஃபோன் செய்தார். அவர் பேசுவது எனக்கும் கேட்டது. "என்னம்மா, உங்க கட்டம் வரலைன்னா வாசகருங்க என் சட்டையைப் பிடிப்பாங்க" என்று சிரித்தார். அம்மா சிரிக்காமல் "இனிமே வேற ஆளைப் பாத்துக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு அந்தப் பழைய நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். இப்போதும் அதில்தான் இருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறதம்மா. ஒரு எழுத்தைத் தட்டி அவளை அங்கே திருப்பி அனுப்பிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இதுவரை எழுதி மடித்து வைத்தேன். இன்று ஞாயிறு, மீதியை எழுதுகிறேன்.

நேற்றுக் காலை நான் காய் வாங்கப் போயிருந்தபோது மாடி வீட்டு நர்ஸ், வேலைக்குப் போகும் வழியில் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறாள். அம்மா நாற்காலியில் இருப்பதைப் பார்த்து இன்றைக்குக் கட்டம் போடவில்லையா என்று கேட்க, கேபிள் இன்னும் வரவில்லை என்று அம்மா சொல்ல, அவள் "கேபிளும் திரையும் நல்லாத்தானே இருக்கு ஆன்ட்டி, எங்க வீட்ல மாட்டிப் பாத்தோமே, அங்கிள் சொல்லலியா?" என்று போட்டு உடைத்துவிட்டாள். நான் பையோடு உள்ளே வந்தேன். அம்மா முகத்தைத் திருப்பாமல் "உக்காருங்க. டாக்டர் உங்ககிட்ட தனியா என்ன சொன்னார்?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த டாக்டர் என்றேன். "மழுப்பாதீங்க. கேபிளும் சரியா இருக்கு, திரையும் சரியா இருக்கு, போட்டிருக்குன்னு நீங்களே சொன்னீங்க. அப்போ எனக்குத்தான் தெரியலை. மிச்சமும் போயிடுச்சு. அதை என்கிட்ட சொல்லத் தைரியம் இல்லாம கேபிள் கதை விடறீங்க. ஜன்னல் கம்பி தெரியுது, துண்டு தெரியுது, திரை மட்டும் ஏன் தெரியலைன்னு ஆறு நாளா நானே என்னைச் சோதிச்சுட்டு இருக்கேன்" என்றாள். குரல் உடையவில்லை, கை மட்டும் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது.

குட்டிம்மா, நான் பை, காய் எல்லாவற்றையும் தரையில் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தொரு பொருள், பதினேழாவது வரி, கடைக்காரர், நீலத் திரை, மடியில் இருந்த கை, எதையும் விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும் முறுக்கிய முந்தானையை விட்டாள். பிறகு "அப்போ என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றாள். ஒன்றும் இல்லை, போன மாதம் இருந்தபடியே இருக்கிறது என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். "ஆறு நாளா நீங்க வெச்ச குழம்புல உப்பே இல்லாதப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். திருட்டு முழிதான் எனக்குத் தெரியாது, திருட்டுக் கை எப்படிச் சமைக்கும்னு தெரியுமே" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

அழுது முடித்துக் கணினியைக் கொண்டுவரச் சொன்னாள். நான் மறுபடி நிறுவி, கேபிளை மாட்டி, இனி அணைத்துப் போட வேண்டியதுதான் பாக்கி என்று நின்றேன். எந்தப் பொத்தான் என்று அவர்கள் சொல்லவில்லையே என்று மறுபடியும் ஆரம்பித்தேன். "எதை வேணா அழுத்துன்னுதானே சொல்றான்? அதுக்குக் கண்ணு எதுக்கு? தள்ளுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீங்க எண்ணுங்க, அது உங்களுக்கு நல்லா வரும்." நீலம் வந்தது. பத்து, ஒன்பது என்று எண்ணினேன். எட்டு சொல்வதற்குள் உள்ளங்கையை விரித்து விசைப்பலகையின் மேல் பட்டென்று ஓர் அடி. எத்தனை பொத்தான் அழுந்தியதோ தெரியாது. எண்கள் நின்றன. பழையபடி தொடரட்டுமா, சாவியைப் பதியட்டுமா என்று ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொரு வரியாக நான் படித்துச் சொன்னேன், அவள் "சரி" என்ற பிறகே அடுத்ததற்குப் போனேன். கடவுச்சொல்லைத் தட்டும்போது என் விரல் இரண்டு முறை வழுக்கியது. கணினி மறுபடி கிளம்பியது. பெரிய திரை கருப்பாகவே இருந்தது, எவ்வளவு நேரம் என்று கேட்காதே, நான் எண்ணவில்லை. பிறகு வெளிச்சம் வந்து அம்மாவின் முகத்தில் விழுந்தது. அவள் தலையைச் சாய்த்து, இடமிருந்து வலமாக மெதுவாகப் பார்த்தாள். "தூசியா இருக்கு, ஒரு வாரமா யாரும் துடைக்கலை" என்றாள்.

மதியமே ஆசிரியருக்கு ஃபோன் போட்டாள். வேறு ஆளைப் பார்த்துவிட்டீர்களா என்று கேட்டாள். "நான் எங்கம்மா பார்த்தேன், நீங்க கோபத்துல சொல்றீங்கன்னு நெனச்சேன்" என்றாராம்.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நேற்றிலிருந்து கணினியை நான் அணைக்கவில்லை. அணைத்தால் திரும்பி வராதோ என்று பயம் போகவில்லை. தொடர்ந்து எத்தனை நாள் ஓடலாம் என்று எழுது. அம்மா "உங்க அப்பாவையும் சேர்த்து ஒரு தடவை அணைச்சுப் போட்டா நல்லது" என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். பிரதி எடுத்துவிட்டேன், இரண்டு எடுத்தேன். எஞ்சின் அறையில் நீயும் ஏதாவது ஒன்றை நிறுத்தும் முன் பக்கத்தில் இருப்பவரை ஒரு வார்த்தை கேள். கேட்பதில் குறைச்சல் இல்லை. கேட்காமல் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பதில்தான் நாள் போகிறது, எனக்கு ஆறு நாள் போயிற்று. வேளைக்குச் சாப்பிடு, மேல்தளத்துக்குப் போனால் காதை மூடிக்கொள். எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் நீ இருக்கும் தண்ணீர் வரைக்கும் வரட்டும்.

நோட்டில் இனிமேல் ஒவ்வொரு கட்டளைக்கும் எதிரே இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்திலும் அப்படியே. என்னுடையதற்குக் கீழே இருப்பது அம்மாவுடையது. கோடு எங்கே என்று விரலை வைத்துக் காட்டினேன், அவள் என் விரல் மேலும் சேர்த்துப் போட்டுவிட்டாள், பாதிக் கையெழுத்துதான் காகிதத்தில் இருக்கும். மீதி என் விரலில் இருக்கிறது, இன்னும் கழுவவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
உன் அம்மா