ரூபி என்று பாடியிருக்க வேண்டியது

மார்ச் 6, செவ்வாய்

பல் டாக்டரிடம் இரண்டு வாரம் லீவு கேட்டேன். ஒன்பது வருடமாக அவருடைய கிளினிக்கில் முன்மேசை நான்தான். "ரெக்கார்டா? நிஜ ரெக்கார்டா?" என்றார். நிஜம்தான் என்றேன். "அப்ப பல்லைச் சுத்தம் பண்ணிட்டுப் போ, லெட்டி. அட்டையில சிரிக்கணும்ல." அட்டையில் சிரிக்கப்போவதில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முப்பத்தாறு வயதில் முதல் ஆல்பம். என்னோடு நாஷ்வில்லுக்குப் பாட வந்தவர்களில் பாதிப் பேர் இப்போது வீடு விற்கும் தரகர்கள். நன்றாகவே இருக்கிறார்கள்.

மார்ச் 9

ஹாலிஸ் பீலரோடு சண்டை. ஆல்பத்தைத் தயாரிப்பவர் அவர். எல்லோரும் ஒரே அறையில் வட்டமாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும், காதில் ஹெட்ஃபோன் கூடாது என்றேன். அந்தக் காலத்தில் அப்படித்தானே செய்தார்கள்.

"அந்தக் காலத்துல பல்லுக்குக் கூடத்தான் மரத்துப்போற ஊசி கிடையாது. ஒரே அறைன்னா எல்லார் சத்தமும் எல்லார் மைக்லயும் கசியும். அப்புறம் ஒரே ஒரு வார்த்தையை மாத்தணும்னாலும் முடியாது. தப்பு வந்தா அந்தத் தப்போடதான் குடும்பம் நடத்தணும்."

"எங்கம்மா முப்பது வருஷம் நடத்தினாங்க" என்றேன்.

சிரித்துவிட்டார். சிரித்தால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். 'கொஞ்சம் நவீனமா' என்று ரெக்கார்டு கம்பெனியிலிருந்து ஒரு வரி வந்திருக்கிறதாம். அதற்கு அவர் பதிலே போடவில்லை.

மார்ச் 11, ஞாயிறு

அக்காவோடு பேசினேன். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், இனி முடியாது.

ஜோனெல் அக்கா ஒவ்வொரு ஞாயிறும் கெண்டக்கியில் எங்கள் ஊர் லாரல் ஃபோர்க் சபைக்குக் காரில் போகிறாள். உள்ளே போவதில்லை. அவள் புருஷன் ரேண்டல், சபையில் பியானோ வாசித்த டீனாவோடு ஓடிப்போய் நான்கு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து வாசலுக்கு எதிரே காரை நிறுத்துவாள், கண்ணாடியை இறக்குவாள், பாட்டெல்லாம் கேட்பாள். பிரசங்கம் தொடங்கியதும் கிளம்பிவிடுவாள். ஊருக்கே தெரியும். ஒருவரும் பேசுவதில்லை. அந்த ஒரு இடத்தை மட்டும் அவள் காருக்கென்று காலியாக விட்டுவைக்கிறார்கள்.

அதைத்தான் பாட்டாக எழுதியிருக்கிறேன். என் பாட்டுகளில் அதுதான் தேறும் என்று எனக்கே தெரிகிறது.

"பாடிக்க" என்றாள் அக்கா. "எம்பேரு மட்டும் வரக்கூடாது."

"வராது."

"சத்தியம் பண்ணுடி."

"சத்தியமா. என்ன பேரு வைக்கட்டும்?"

"ரூபி, கீபி, என்னத்தையாவது வை. நம்ம ஜில்லாவுல எந்த ரூபியும் இப்ப உயிரோட இல்ல."

பாட்டு எழுதிய தாளில் ஜோனெல் என்று வந்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டு ரூபி என்று எழுதினேன்.

மார்ச் 14, புதன்

முதல் நாள். நான்கு பாட்டு முடிந்தது. ஸ்டீல் கிட்டார் வாசிக்கும் டென்சில் எழுபத்திரண்டு வயதிலும் ஷூவைக் கழற்றிவிட்டு, காலுறையோடுதான் பெடலை மிதிக்கிறார். ஒரு காலுறையில் ஓட்டை. வாசிப்பில் இல்லை.

மார்ச் 15, வியாழன்

செய்துவிட்டேன். என்ன செய்தேன் என்பதை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவின் பாட்டு. இங்கே வாசிப்பவர்கள் பாட்டை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கோர்டுகளை, அதாவது கிட்டாரில் பிடிக்கும் சுரக்கூட்டுகளை, எண்களாக எழுதிய ஒரு தாளை ஆளுக்கொன்று கொடுப்பார்கள். பாடுகிறவள் ஒருமுறை பாடிக் காட்டுவாள், அவர்கள் தாளைப் பார்த்துக் கூடவே தடவி வருவார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான பதிவு. பாடிக் காட்டுவதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. நானும் வைக்கவில்லை. சமையலறையில் பாடுவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன்.

'கண்ணாடியை இறக்கி வை, ஜோனெல், கடைசிப் பாட்டு வருகிறது.'

மூன்று இடம். மூன்றிலும் ஜோனெல். பாடும்போது எனக்கு உறைக்கவே இல்லை.

முடிந்ததும் பிடில் வாசித்தவர் வில்லை மடியில் வைத்துவிட்டார். டென்சில் குனிந்து தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலிஸ் பதிவறையின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து, "டேப் ஓடிட்டுதான் இருந்துச்சு" என்றார். அவர் எப்போதும் ஓடவிடுவாராம். இப்போது சொல்கிறார்.

மார்ச் 16

ரூபி. ரூபி. ரூபி. காலையிலிருந்து ரூபி. சுருதி சரி, தாளம் சரி, உயிர் இல்லை. ரூபி யாரென்றே எனக்குத் தெரியாதே, அவளிடம் நான் எதைச் சொல்ல?

காபி குடிக்கும்போது டென்சில் கேட்டார்: "அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கா?"

"ரூபியா?"

"ரூபி எக்கேடும் கெடட்டும். நேத்து பாடினியே, அவ."

காபியைப் பாதியில் வைத்துவிட்டு மைக்குக்குப் போனேன்.

ஏன்டி, நாலு நாள் தாங்கலையா உன் வாய்? சத்தியம் பண்ணின வாய்தானே அது?

மார்ச் 19

பெயரை மட்டும் வெட்டி எடுக்க முடியுமா என்று ஹாலிஸ் செய்து காட்டினார். நான் ஜோனெல் என்று இழுக்கும் இடத்தில்தான் டென்சிலின் ஸ்டீல் ஏறுகிறது. அது என் மைக்கிலும் விழுந்திருக்கிறது. பெயரை எடுத்தால் அந்த ஏற்றமும் பாதியில் அறுந்துபோகிறது. படியில் ஏறுகிறவன் நடுப்படி இல்லாமல் விழுவதுபோல் கேட்டது. ஒரே அறை வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான்தான். ஹாலிஸ் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் கோபமாவது பட்டிருப்பேன்.

"உங்க அக்காவையே கேட்டுடேன்" என்றார்.

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவா."

"கேக்காமலே தெரியுமா?"

"பொறந்ததுலேர்ந்து தெரியும்."

மார்ச் 20

பாட்டை எடுத்துவிட்டோம். ஆல்பத்தில் இனி பத்துப் பாட்டு. "அதுதான் ஆல்பம். மத்தது பத்தும் அதுக்குத் துணைக்கு வந்தது" என்றார் ஹாலிஸ். பேர் எழுதாத ஒரு சிடியில் அந்தப் பாட்டைப் போட்டுக் கையில் கொடுத்தார். வீட்டில் ஸ்பூன்கள் இருக்கும் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். சத்தியம் காப்பாற்றப்பட்டது. சரியானதைத்தான் செய்தேன். தூக்கம் வந்தது.

ஏப்ரல் 2

கிளினிக். கடைவாய்ப் பல் பிடுங்க வந்தவர் என்னிடம் ஆட்டோகிராஃப் கேட்டார், டாக்டர் சொல்லிவைத்திருக்கிறார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 24, வெள்ளி

ஆல்பம் வெளிவந்தது. கம்பெனியில் கேக் வெட்டினோம். கேக்கில் வரைந்திருந்த கிட்டாருக்கு ஐந்து கம்பிதான். அம்மா போனில், "அட்டையில ஏன் இழவு வீட்டுக்குப் போற மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?" என்றாள்.

ஆகஸ்ட் 30

முதல் விமர்சனம். 'நம்பிக்கை தரும் முதல் ஆல்பம்.' சந்தையில் பன்றிக்குட்டியைத் தூக்கிப் பார்த்துச் சொல்வார்களே, அப்படி. பழைய முறையை விடாமல் பிடித்திருக்கிற குரலாம், ஸ்டீல் கிட்டார் அபாரமாம். கடைசிப் பத்தியில்: 'ஆனாலும் இந்தப் பாடகி ஒரு கதவுக்கு வெளியிலேயே நின்று பாடிக்கொண்டிருக்கிறாரோ என்று தோன்றுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குச் சொல்வதில்லை.'

எழுதியவர் யாரென்று தெரியாது. காது நல்ல காது.

செப்டம்பர் 2, ஞாயிறு

அக்கா கூப்பிட்டாள். எடுத்தவுடன், "பத்துப் பாட்டு இருக்கு. எம்பாட்டு எங்கடி?"

"நீதானக்கா—"

"பேரு வேண்டாம்னேன். பாட்டு வேண்டாம்னேனா?"

உண்மையைச் சொன்னேன். வாய் தவறியதை, ஒட்டவே ஒட்டாத ரூபியை, வெட்ட முடியாததை.

"என்னைக் கேட்டியா?"

"நீ வேண்டாம்னுதானே சொல்லியிருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன். அத நான்தானடி சொல்லணும்? ரேண்டல் கூட இதேதான் சொன்னான். 'உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் சொல்லல ஜோனெல்'னு. ஊர்லயும் இதே கதைதான். எனக்குக் கஷ்டமா இருக்கும்னு காருக்கு எடம் விட்டு வைக்கிறாங்க. பக்கத்துல வந்து ஒரு குட்மார்னிங் சொல்ல ஒரு ஆளு இல்ல. நாலு வருஷமா! இப்ப நீயும் எனக்கு எடம் விட்டு வச்சுட்ட. ரொம்ப தேங்க்ஸ்."

வைத்துவிட்டாள்.

அவ சொல்றது சரியா? சரிதான். நான் சத்தியத்துக்குப் பயந்தேனா, அவகிட்ட கேக்கப் பயந்தேனா? கேட்டிருந்தா அந்த ஓடிப்போனதைப் பத்திப் பேசியிருக்கணும். பாட்டு எழுதினேனே ஒழிய அதைப் பத்தி அவகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. நாலு வருஷத்துல ஒரு தடவைகூட.

செப்டம்பர் 3

கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 8

எடுக்கவில்லை. அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். "உங்க சண்டைக்கு நடுவுல நான் வரமாட்டேன், எனக்குத் தக்காளி பாட்டில்ல போடுற வேலை இருக்கு" என்றாள்.

செப்டம்பர் 15, சனி

இழுப்பறையில் ஸ்பூன்களுக்கு அடியிலிருந்து சிடியை எடுத்துக்கொண்டு கெண்டக்கிக்கே போய்விட்டேன். அக்கா கதவைத் திறந்தாள், வா என்று சொல்லவில்லை. பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்தாள். உப்புக்கண்டம் போட்ட பீன்ஸ். எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்துதான் செய்திருக்கிறாள், ஆனால் முகத்தைப் பார்த்தால் விஷம் வைத்தவள் மாதிரி இருந்தது. தட்டைக் கழுவி முடித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "எடுத்துட்டு வந்தியா?" என்றாள்.

வீட்டில் சிடி போட ஒன்றும் இல்லை, அவளுடைய பியூக் காரில்தான் இருக்கிறது. முற்றத்திலேயே, காரில் இருவரும் முன்சீட்டில் உட்கார்ந்தோம். போட்டேன்.

முதல் ஜோனெல் வந்தது. அவள் அசையவில்லை. இரண்டாவது வந்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்தாள், நின்றிருக்கும் காரின் ஸ்டியரிங்கை. மூன்றாவது வந்தபோது நான் வெளியே பார்த்தேன். கொடியில் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

அவளே கையை நீட்டி மறுபடி போட்டாள்.

"எம்பேர இவ்வளவு நீட்டி யாரும் கூப்பிட்டதில்ல" என்றாள்.

"ராகத்துக்காக நீட்டினேன்."

"நல்லாத்தான் இருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "யாரு அது, கூடவே அழுவுறது?"

"டென்சில். ஸ்டீல் வாசிக்கிறவரு."

"கல்யாணம் ஆனவரா?"

"அவருக்கு எழுபத்திரண்டு வயசுக்கா."

"நான் வயசக் கேக்கல."

இருவரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு முடிந்து அவள் அழுதாள். நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரேண்டலைப் பற்றிப் பேசினோம், முதல் தடவையாக, ரொம்ப நேரம். அதை இங்கே எழுதப்போவதில்லை.

கிளம்பும்போது சிடியைக் கேட்டேன். "கெடக்கட்டும்" என்றாள்.

செப்டம்பர் 16, ஞாயிறு

அக்கா இன்றைக்குச் சபைக்கு வரவில்லையாம். அம்மா சொன்னாள். அவள் இடம் காலியாகவே கிடந்ததாம். போகாதே என்று நானா சொன்னேன்? சொல்லவில்லை. ஆனாலும்.

செப்டம்பர் 23, ஞாயிறு

அம்மா. சபைக்குப் போட்ட ஷூவைக்கூடக் கழற்றாமல் கூப்பிட்டிருக்கிறாள்.

"உங்கக்கா பண்ணின காரியம் தெரியுமா உனக்கு? மானம் போச்சு!"

"என்னம்மா ஆச்சு?"

"ரெண்டாவது கீர்த்தனை பாடிட்டு இருக்கோம். வெளியிலேர்ந்து ஒரு சத்தம். என்னடான்னு பாத்தா உங்குரல்! கார்ல நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, முழுச் சத்தத்துல வச்சிருக்கா மகராசி. ஜோனெல், ஜோனெல்னு சபை பூரா கேக்குது. பியானோ வாசிக்கிற அந்தப் புதுப்பொண்ணு கையை எடுத்துட்டா. நாங்க பாடினது பாதியில நிக்குது."

"பாஸ்டர் ஒண்ணும் சொல்லலையா?"

"கதவச் சாத்துன்னு நம்ம சபைப் பெரியவரு ஹோபர்ட்டைக் கண்ணாலயே அனுப்பினாரு. அவரும் போனாரு. போனவரு கதவப் புடிச்சிட்டு அப்படியே நிக்கிறாரு. சாத்தவே இல்ல. பாட்டு முடியிற வரைக்கும் நின்னாரு. முடிஞ்சதும் அங்கேர்ந்தே சத்தமா, 'குட்மார்னிங், ஜோனெல்'ங்கிறாரு. சபைக்கு நடுவுல!"

"அக்கா என்ன சொன்னா?"

அம்மாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

"'குட்மார்னிங், ஹோபர்ட். இன்னொரு தடவ போடவா'ன்னு கேட்டா."

"போட்டாளா?"

"பின்ன? போட்டா. நாங்களும் கேட்டோம், வேற என்ன பண்றது."

செப்டம்பர் 25

ஹாலிஸ் கிளினிக்குக்கே போன் செய்தார். ஆல்பத்தை மறுபடி அச்சடிக்கிறார்களாம், கூட ஒரு பாட்டுச் சேர்க்க இடம் இருக்கிறதாம். "அந்தப் பாட்டைப் போடலாமா, லெட்டி? நீ சொன்னா சரி" என்றார்.

சொல்ல வேண்டியவள் நான் இல்லை. அக்காவின் நம்பரைக் கொடுத்தேன். எடுத்ததும் முதலில் குட்மார்னிங் சொல்லுங்கள் என்றேன்.