அடுத்த வருட அணி

நகாசி,
ஃபிஜி,
9 ஜூலை 2000

அன்புள்ள பாமா,

இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் ஸ்ரீநாத்துக்கு முழங்காலில் அடி. வியாழக்கிழமை பயிற்சியில் பந்தோடு திரும்பியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். யாரும் மோதவில்லை. உள்ளே 'டப்'பென்று ஏதோ கேட்டதாம். வீடு வருவதற்குள் கால் வீங்கிவிட்டது. "அம்மாகிட்ட சுளுக்குனு மட்டும் எழுதுங்கப்பா" என்கிறான். மின்சாரம் இருக்கிற நேரத்தில் ஐஸ் வைக்கிறோம்.

நீ மார்ச்சில் பார்த்துவிட்டுப் போன அணி இப்போது இல்லை. மே மாத ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு நம் இந்தியர்கள் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். கோல்கீப்பர் பிரனேஷ் குடும்பத்தோடு சிட்னிக்குப் போய்விட்டான். ஷைலேந்திரா வான்கூவர் போய்விட்டான். திங்கட்கிழமைதோறும் வகுப்பில் ஏதாவது ஒரு பெயருக்குப் பதில் வருவதில்லை. பயிற்சியாளர் அப்பல்சாமி, "காப்டனும் உக்காந்துட்டா நான் யார வச்சு ஆடறது, மாஸ்டர்ஜி?" என்றார். பள்ளிகளுக்கிடையேயான போட்டி செப்டம்பருக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அதற்குள் சரியாகிவிடும்தானே? நீ டாக்டர், நீயே சொல்.

அந்தக் குளிரில் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே.

அன்புடன்,
தீனதயாளன்


ஹாமில்டன்,
நியூசிலாந்து,
18 ஜூலை 2000

அன்புள்ள உங்களுக்கு,

செப்டம்பருக்குள் சரியாகாது. சத்தம் கேட்டிருக்கிறது, உடனே வீங்கியிருக்கிறது, அதுவும் திரும்பும்போது நடந்திருக்கிறது. உள்ளே தசைநார் அறுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சுவாவில் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை அவன் பந்தைத் தொடக் கூடாது. அப்பல்சாமியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

எனக்கு இங்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. இருபது வருடம் டாக்டராக இருந்தவளை ஒரு நர்ஸ் பெண் நேற்று ஊசி பிடிக்கிற விதம் சரியா என்று பார்த்துவிட்டுப் போனாள். சிரிப்பு வந்தது. இங்கே டாக்டராக வேலை செய்ய எழுதவேண்டிய பரீட்சை நவம்பரில்.

உங்கள் இரண்டு பேருக்கும் விசா கிடைத்துவிட்டது. போன வருடம் கேட்டபோது பையன் இந்த வகுப்பை முடிக்கட்டும் என்றீர்கள். இப்போது போட்டி என்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. இங்கே இரண்டு அறை வீடு பார்த்திருக்கிறேன். ஒன்றில் என் புத்தகங்கள் மட்டும்தான் இருக்கின்றன.

உங்கள்,
பாமா


நகாசி,
20 ஆகஸ்ட் 2000

அன்புள்ள பாமா,

நீ சொன்னதுதான். சுவா டாக்டரும் அறுந்துவிட்டது என்கிறார். அறுவை சிகிச்சை வேண்டுமாம். இங்கே வசதியில்லை, வெளிநாடுதான் போகவேண்டும்.

ஸ்ரீநாத் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு அவனே என்னிடம் போட்டி விதியைக் கேட்டான். அடுத்த வருடமும் வயது இருக்கிறது, ஆடலாம். ஆனால் பெயர் இந்தப் பள்ளியில் இருக்கவேண்டும். வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டுத் திரும்பினால் ஒரு வருடம் ஆட முடியாது, அதற்குள் வயது தாண்டிவிடும். "இங்க இருந்தா கால் இல்ல. அங்க போனா டீம் இல்ல. எதப்பா எடுத்துக்கறது?" என்றான்.

அப்பல்சாமி வுனிமோனோவிலிருந்து வீடு தேடி வந்தார். "மருத்துவ விடுப்புன்னு போடு மாஸ்டர்ஜி. பையன் பேர நாங்க எடுக்க மாட்டோம்" என்றார். அதைக் கேட்டபிறகுதான் பையன் கிளம்பச் சம்மதித்தான். அடுத்த ஞாயிறு விமானத்தில் ஏற்றிவிடுகிறேன். போட்டி முடிந்ததும் நானும் வருகிறேன்.

அன்புடன்,
தீனதயாளன்


நகாசி,
8 அக்டோபர் 2000

அன்புள்ள பாமா,

அரையிறுதியில் தோற்றோம். பதினோரு பேரைச் சேர்த்ததே பெரிய காரியம். கோலில் நின்றவன் மூன்று வாரத்துக்கு முன் கபடி ஆடிக்கொண்டிருந்தவன்.

ஸ்ரீநாத்துக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் போனில் கேட்டேன். வேறொரு நோயாளி வராமல்போனதால் அவ்வளவு சீக்கிரம் நமக்கு நாள் கிடைத்தது அதிர்ஷ்டம்தான்.

போனில் சொல்ல வராத ஒன்றை எழுதுகிறேன். அடுத்த வருடம் யார் யார் இருப்பீர்கள் என்று பிரின்சிபால் ஆசிரியர்களைக் கேட்டார். பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கணக்குக்கு வேறு ஆளில்லை. ஸ்ரீநாத் பெயரும் அடுத்த வருட அணியில் இருக்கிறது. அவன் திரும்பி வந்தால் வீடு இருக்கவேண்டும் அல்லவா? உன்னைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
தீனதயாளன்


ஹாமில்டன்,
22 அக்டோபர் 2000

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்ரீநாத்தே பிரித்துப் படித்துவிட்டான். கோபம் எனக்கு வந்தது, அவனுக்கு வரவில்லை.

ஊன்றுகோலோடு பக்கத்து மைதானம் வரை போய்வருகிறான். பழையபடி ஓட ஒன்பது மாதமாவது ஆகும், ஆட ஒரு வருடம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த வருடப் போட்டிக்கு அவனால் ஆட முடியாது. அது அவனுக்குத் தெரியும். நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "என் பேர எடுத்துடச் சொல்லும்மா. அடுத்த வருஷம் புதுசா பசங்க சேர்றாங்க, பதினெட்டு பேருக்குத்தான் இடம். நான் ஒரு இடத்த அடைச்சுக்கிட்டிருந்தா நவுவாவுலேர்ந்து வர்ற யோகேந்திரா வெளியவே நிப்பான். அவன் எங்கயும் போகப்போறதில்ல" என்றான். பிறகு, "எனக்காகத்தான் அங்க இருக்கேன்னு அப்பா சொல்லவேண்டாம்" என்றான்.

சொல்லிவிட்டு அழுதான். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

நீங்கள் வந்தே ஆகவேண்டும் என்று இனி எழுதமாட்டேன். உங்களுக்காக இருப்பதானால் இருங்கள். அதை மட்டும் எனக்கு எழுதிவிடுங்கள்.

பாமா


நகாசி,
12 நவம்பர் 2000

அன்புள்ள பாமா,

பெயரை எடுக்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். யோகேந்திரா இப்போது அணியில் இருக்கிறான். அப்பல்சாமி கடிதத்தைப் பார்த்துவிட்டு, "அப்போ நீயும் போற, இல்லியா மாஸ்டர்ஜி?" என்றார். என் தோளைத் தட்டிவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டார். நான் கிளம்புவதைப் பிரின்சிபாலிடம் மறுநாள் சொன்னேன். அது அத்தனை சுலபமாக இருக்கவில்லை.

இங்கே கடைத்தெருவில் நாலு பேராவது என்னை நிறுத்திப் பேசுவார்கள். அங்கே நான் யார் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. மார்ச்சில் தனியாக விமானம் ஏறியபோது உனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். நான் கேட்கவே இல்லை.

டிசம்பர் ஒன்பது, சனிக்கிழமை மதியம் ஆக்லாந்தில் இறங்குகிறேன். பஸ் பிடித்து வந்துகொள்கிறேன் என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். நீயே வந்து கூட்டிக்கொண்டு போ.

உன்,
தீனதயாளன்