பைய என்றால் அண்ணனாம்

அம்மாவுக்கு ஜெபின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டுவலி குறைந்ததா? இந்த அருணாசலப் பிரதேச மலையில் டவர் இல்லாததால் கடிதம்.

முதலாளி பட்டாள ஏலத்தில் எடுத்த பழைய லாரிகளுக்குப் பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார். பிரேக் ஆயில் ஒழுகுகிறது என்றால், "சண்டைக்குப் போன வண்டி, சாகாது" என்கிறார். வண்டி சாகாது, அடியில் கிடக்கிற மெக்கானிக்தான் சாவான்.

போன வாரம் அவர் மச்சினன் லாரியைப் பின்னால் எடுத்தான். மெதுவாக வரச் சொல்லி "பைய, பைய!" என்று கத்தினேன். இந்தியில் 'பையா' என்றால் அண்ணனாம். பாசமாகச் சிரித்துக்கொண்டு வேகமாக வந்தான். பிரேக் பிடிக்கவில்லை, பாறைதான் நிறுத்தியது. எனக்குக் கால் பெருவிரலில் சின்னக் கட்டு மட்டும், பயப்படாதீர்கள்.

இறங்கி வந்தவனிடம், "உனக்க மண்டையில என்னலே இருக்கு?" என்றேன். அதையும் மரியாதை என்று நினைத்துக் கும்பிட்டான்.

முதலாளி நாளைக்கே லோடு ஏற்றச் சொல்கிறார். பிரேக் சிலிண்டர்களைக் கழற்றி என் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். புது ரப்பர் வராமல் மாட்டமாட்டேன். வேலை போனால் போகட்டும்.

கொஞ்சம் மரச்சீனி வற்றல் அனுப்புங்கள். ஊரில் யார் யாரை ஏசினார்கள் என்று தங்கச்சி ரெனிஷாவை விவரமாக எழுதச் சொல்லுங்கள். இங்கே நான் ஏசினால்கூடப் புரிய ஆளில்லை.

கடிதம் கொண்டுபோகிறவன் ஹாரன் அடிக்கிறான்.

ஜெபின்