நான்கு சொல் அகலம்

12.8.1999
சோமனூர்க் கூட்டத்தில் நேற்று தடுமாறியது என் நா அன்று, கண் என்பதை அவையோர் அறியார். உரையை எழுதி, எழுதியதைப் பலமுறை படித்து, நெஞ்சில் ஏற்றிய பின்னரே மேடையேறும் வழக்கமுடைய நான், என் கையெழுத்தையே படிக்க இயலாமல் அரைகுறையாய் ஏற்றிக்கொண்டு போய், பாதியில் நின்றுவிட்டேன். தமிழ்மன்றச் செயலாளர் நஞ்சுண்டன் தண்ணீர் நீட்டினார். "ஒடம்புக்கு முடியலீங்களா?" ஆம் என்று தலையசைத்தேன். மார்கழியில் வெள்ளகோவில் மாநாட்டின் தலைமையுரை என்னுடையது. அங்கும் இவ்வாறே நேர்ந்தால் இனி யார் அழைப்பர்?

19.8.1999
நடுப்பார்வை தேய்கிறது, ஓரப்பார்வை நிற்கும், மருந்தில்லை என்றார் மருத்துவர்.

23.8.1999
கணவர் உரையைப் படித்துக் காட்டினார். விசைத்தறிக்காரரின் வாயில் என் வீரவுரை நூல் விலைப்பட்டியலாய் ஒலித்தது. கடிந்துகொண்டேன். "மூச்சு உட எடமில்லாம எழுதிப்போட்டு என்னைய வைதா எப்புடி அம்மணி?" என்று தாளை வைத்துவிட்டு எழுந்து போனார்.

5.9.1999
பீளமேட்டில் மோட்டார்ப் பட்டறை நடத்தும் சுந்தரராஜுலு, கணவரின் நண்பர். அவருக்கும் இந்நோய்தான், முற்றிவிட்டது. அமெரிக்காவிலுள்ள மகன் அனுப்பிய மென்பொருள் கணிப்பொறித் திரையை அவருக்குப் படித்துக் காட்டுகிறது, ஆங்கிலத்தில் மட்டும். தட்டச்சுப் பழக்கம் எனக்குண்டு. தமிழில் சில வரிகள் அடித்தேன். அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய் உளறியது.

"மேடைக்கு மேடை இங்கிலீசைத் திட்டுனீங்கல்ல? அவனுக்குக் கோவமுங்க!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவரே இரங்கி, "உங்களுக்கு ஓரம் தெரியுதுங்களே, லென்சு போதுமுங்க" என்று கணிப்பொறிக்குள்ளேயே இருந்த உருப்பெருக்கியைத் திறந்து காட்டினார்.

18.9.1999
நாள்தோறும் பீளமேட்டுப் பயணம். கற்றவை: கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கண்ணைக் கூசச் செய்வதில்லை. எழுத்தை நேரே நோக்காமல் சற்று விலகி நோக்கினால் தெளிகிறது. உருப்பெருக்கி திரையின் மேலே ஒரு பட்டையாய் நிற்கும்; நாம் தட்டும் இடத்தை அதுவே பின்தொடருமாறு அமைத்துக்கொள்ள வேண்டும். சுட்டியைத் துழாவிக்கொண்டிருந்தேன். "மவுசைத் தொடாதீங்க அம்மணி, தல சுத்திப்போடும். அம்புக்குறி பொத்தானுலயே போங்க" என்றார் சுந்தரராஜுலு. முன்பே சொல்லியிருக்கலாம்.

கழுத்து வலி.

10.10.1999
மாநாட்டு உரையை அடிக்கத் தொடங்கினேன். பட்டையில் ஒரு நேரத்தில் நான்கு சொற்களே தெரிகின்றன. என் வாக்கியத்தின் முடிவை எட்டும்போது அதன் தொடக்கம் மறந்துபோகிறது. திரும்ப ஓடுகிறேன், தேடுகிறேன், மீண்டும் மறக்கிறேன். இதுக்குத்தானா இத்தனை வருசம் — சீ, போதும். எல்லாத்தையும் அணைச்சுப்போட்டு வந்து படுத்துக்கிட்டேன்.

2.11.1999
வாக்கியங்களை வெட்டத் தொடங்கினேன். வேறு வழியில்லை. பட்டைக்குள் அடங்குவது தங்கும், அடங்காதது போகும்.

5.12.1999
உரை முடிந்தது. எலும்புக்கூடு போலிருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

20.12.1999
நேற்று வெள்ளகோவிலில் பேசினேன். எங்கும் நிற்கவில்லை. ஆனால் கைதட்டல் இல்லை. தோற்றேன் என்றே இறங்கினேன்.

மாசாணியம்மாள் கையைப் பிடித்தார். என் கூட்டங்களுக்குத் தவறாதவர்.

"ஏனுங்கம்மா, முன்னெல்லாம் நீங்க பேசுனா ஒண்ணும் புரியாட்டியும் தட்டுவமுங்க. இன்னைக்குக் கேட்டுக்கிட்டே தட்ட மறந்துபோட்டமுங்க."

சிரிப்பதா, அழுவதா?

நஞ்சுண்டன் தைக்கூட்டத்துக்கு நாள் கேட்டார். கொடுத்தேன்.

அந்த நீண்ட வாக்கியங்கள் — அவற்றை நேசித்தேன். இப்போதும் நேசிக்கிறேன்.

இதைப் பீளமேட்டில் அடிக்கிறேன். சுந்தரராஜுலு காப்பி வைத்திருக்கிறார். கழுத்து வலிக்கிறது. வரிகள் பட்டைக்குள் முழுதாய்த் தெரிகின்றன.