கௌரி எழுதித் தந்த பட்டியல்

11.02.2006, சனி

ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள்கள் திருத்த இன்னும் பதினெட்டு மிச்சம். காலையிலிருந்து விடாத மழை. பத்து மணி பஸ்ஸில் கௌரி நனைந்துகொண்டு வந்தாள். வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய் அம்மாவோடு உட்கார்ந்துவிட்டாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு அடுப்புப் புகை அவளுக்குப் பழகிவிட்டது.

அவள் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கம்பியூட்டர் படிப்பிக்க வந்து ஒரு வருடம் ஆகிறது. பள்ளி விட்ட பிறகு நாங்கள் இரண்டு பேரும் கம்பியூட்டர் அறையில் கார்ப் பந்தயம் விளையாடுவது அதிபருக்குத் தெரியும். கண்டுகொள்வதில்லை. ஆனால் அந்தப் பழைய மெஷினில் கார் வளைவுக்கு வந்தாலே திரை நின்றுவிடுகிறது. இன்று முடிவு செய்துவிட்டோம். சாமான்களைத் தனித்தனியாக வாங்கி எங்கள் வீட்டில் ஒன்று பூட்டுவது. விளையாடுவதற்கென்றே.

அம்மா கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். இருபத்தெட்டு வயசுப் பொண்ணு வெளையாட்டுச் சாமான் வாங்குதாம்.

12.03.2006, ஞாயிறு

பட்டியல் வந்துவிட்டது. கொப்பித் தாளில் எண்ணெழுத்தெல்லாம் அச்சுப் போல எழுதியிருக்கிறாள். ப்ராசஸர், மதர்போர்ட், ரெம், கிராபிக்ஸ் கார்ட், பவர் சப்ளை. எதிலும் ஆடம்பரம் இல்லை. கையில் இருக்கும் காசுக்குள் விளையாட்டு ஓட வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு விளக்கியதை மறக்காமல் எழுதி வைக்கிறேன். ப்ராசஸர் உட்காரும் இடமும் அதன் அளவும் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாதாம். அந்த போர்டுக்கு அந்த ப்ராசஸரை அடையாளம் தெரிய வேண்டுமாம். தெரியாவிட்டால் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் வேலை செய்யாது.

“றொசா, நீ ஒண்டையும் மாத்தாதை. கடையில இல்லையெண்டா எனக்குப் போன் பண்ணு.”

சரி என்றேன்.

05.04.2006, புதன்

ஆசிரியர் அறையில் செல்லசாமி சேர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: கம்பியூட்டர் யாருக்கு, ஒங்களுக்கா, கௌரி டீச்சருக்கா? தெரிவு அவங்களது, அறிவு அவங்களது, வைக்கிற இடந்தான் ஒங்க வீடு போல.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன்? அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார்.

22.04.2006, சனி

கொழும்புக்குத் தனியாகத்தான் போனேன். யாழ்ப்பாண முகவரி உள்ள அடையாள அட்டையோடு கௌரி அங்கே இறங்கினால் எத்தனை இடத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். என்னையே இரண்டு இடத்தில் சோதனைக்கு நிறுத்தினார்கள்.

கடையில் பட்டியலில் இருந்த போர்ட் இல்லை. கடைக்காரர் வேறொன்றை எடுத்து வைத்தார். ப்ராசஸர் உட்காரும் இடம் இதிலும் அதேதான். விலை குறைவு. மிஞ்சுவதில் இன்னும் நல்ல கிராபிக்ஸ் கார்ட் வாங்கலாம் என்றார். போன் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. இதில் ஒன்றையாவது நான் தெரிவு செய்ததாக இருக்கட்டும் என்று தோன்றியது.

ரயிலில் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். கால் மரத்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

30.04.2006, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது கௌரி வந்திருந்தாள். போர்ட் பெட்டியைக் கையில் எடுத்ததுமே, “இது நான் எழுதினது இல்லையே. இந்த ப்ராசஸரை இது எடுக்குமோ எண்டு கேட்டனியே?” என்றாள்.

கேட்டேன் என்றேன். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட அந்த நேரம் தோன்றவில்லை.

அவள் நம்பிவிட்டாள். வளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ப்ராசஸரை வைக்கும்போது அம்மாவைக்கூட நடமாட வேண்டாம் என்றாள். எல்லாம் பூட்டி முடித்து சுவிட்சைப் போட்டோம். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பு. கழற்றிப் பூட்டினாள், மறுபடியும் கறுப்பு. மூன்று மணி நேரம். அவள் நெற்றியெல்லாம் வியர்வை, இந்தக் குளிரில்.

நான்தான் ஆரம்பித்தேன். கொஞ்சம் பதமா வச்சிருந்தா இப்படி ஆயிருக்குமா, ஒடச்சிட்ட என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“எங்க சாமானுன்னா ஒங்களுக்கெல்லாம் இவ்வளவுதான்.”

அவள் திருகாணிச் சாவியைக் கீழே வைத்தாள்.

“உங்களுக்கெல்லாம் எண்டா ஆருக்கு, றொசா?”

இரண்டு பேருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தாருக்குத் தோட்டத்து ஆட்கள் என்றால் இளப்பம் என்று அவள் ஊரையே சேர்த்துச் சொன்னேன். ஒரு வருடமாக எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டவளை.

வளையலை எடுத்துப் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

01.05.2006, திங்கள்

மே தினம். ஊர்வலத்துக்குப் போகவில்லை. பெட்டியைத் துணி போட்டு மூடிவிட்டேன்.

17.05.2006, புதன்

கௌரி ஆசிரியர் அறையில் ஜன்னல் பக்கக் கதிரைக்கு மாறிவிட்டாள். காலையில் வணக்கம் சொல்கிறாள். நானும் சொல்கிறேன்.

அம்மா இன்று கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு கேட்டார்: “ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போகுது. அந்தப் புள்ளைய ஏன் அப்படிச் சொன்ன?”

அவள் உடைத்தாள் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அப்படித்தானே? வேறு என்னவாக இருக்கும்?

04.08.2006, வெள்ளி

தவணை முடிந்தது. கௌரி லீவுக்கு ஊருக்குப் போகிறாள். ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தாள். என் மேசைக்குப் பக்கத்திலும் வந்து நின்றாள். நான் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. ஒரே வரிசையை மூன்று தடவை கூட்டினேன்.

“போட்டு வாறன்” என்றாள், பொதுவாக, அறைக்கே சொல்வது போல.

12.08.2006, சனி

யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். முகமாலையில் சண்டை என்று ரேடியோவில் சொல்கிறார்கள். அவளுடைய போனுக்கு எடுத்தேன். லைன் போகவில்லை. பின்னேரமும் எடுத்தேன்.

11.09.2006, திங்கள்

பள்ளி தொடங்கி ஒரு வாரம். கம்பியூட்டர் அறை பூட்டிக் கிடக்கிறது. அவளிடமிருந்து யாருக்கும் ஒரு தகவலும் இல்லை.

23.09.2006, சனி

ஹட்டனில் கம்பியூட்டர் திருத்தும் கணேசமூர்த்தியிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். எதற்காக இத்தனை மாதம் பொறுத்திருந்தேன்? அவள்தான் உடைத்தாள் என்று ஒருவர் வாயால் கேட்டுவிட்டால் மனசு ஆறும் என்றுதான் இன்றைக்குப் போனேன் போல. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவர் திறந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தன்னிடம் இருந்த பழைய ப்ராசஸர் ஒன்றை அதே போர்டில் வைத்தார். திரையில் வெளிச்சம் வந்தது. ஒன்றும் உடையவில்லை. போர்ட் கொஞ்சம் முந்தித் தயாரித்தது, என் ப்ராசஸர் அதற்குப் பிறகு வந்தது. போர்டுக்குள் எழுதி வைத்திருக்கும் பயோஸ் என்ற புரோகிராமுக்கு அதை அடையாளம் தெரியவில்லை. அதன் புதிய பதிப்பை ஏற்றிவிட்டு என் ப்ராசஸரைத் திரும்ப வைத்தார். வேலை செய்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“யாரு டீச்சர் இத பூட்டுனது? ப்ராசஸர்ல ஒரு முள்ளுகூட வளையல. பழகுன கை.”

என்கூட படிப்பிச்ச ஒரு டீச்சர் என்றேன்.

பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மா மூக்குச் சிந்தத் தன் சேலைத் தலைப்பைத் தந்தார். கேட்டேன்னு பொய் சொன்னது நான். பொய்ய நம்பி பூட்டுனது அவ. ஒடச்சிட்டன்னு சொன்னதும் நான்தான். என்னா மனுசி நான்.

24.09.2006, ஞாயிறு

பகல் பூராவும் விளையாடினேன். வளைவில் கார் நிற்கவே இல்லை. அவ்வளவு நன்றாக ஓடுகிறது. இரண்டு பேர் விளையாடுவதற்குத் திரை பாதியாகப் பிரியும். ஒரு பக்கத்துக் கார் புறப்படும் இடத்திலேயே நின்றது. பிறகு ஒருவர் ஆட்டத்துக்கு மாற்றிவிட்டேன்.

08.10.2006, ஞாயிறு

கடிதம் எழுதினேன். முதலில் நாலு பக்கம் வந்தது. அதில் செல்லசாமி சேர் இருந்தார், கடைக்காரர் இருந்தார், மழைகூட இருந்தது. கிழித்துவிட்டு ஒரு பக்கம் எழுதினேன். கடையில் கேட்கவில்லை, பொய் சொன்னேன், நீ ஒன்றையும் உடைக்கவில்லை, நான் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அவ்வளவுதான் எழுத இருந்தது.

யாழ்ப்பாணத்துக்குத் தபால் கப்பலில் போகிறதாம். எப்போது சேரும் என்று தபால் கந்தோரில் சொல்லத் தெரியவில்லை.

24.12.2006, ஞாயிறு

பதில் இல்லை. அங்கே சாப்பாட்டுச் சாமானுக்கே வரிசையில் நிற்கிறார்களாம். பதிலை எதிர்பார்த்துத் தபால்காரரைப் பார்ப்பதே தப்பாகத் தெரிகிறது. ஆனாலும் பார்க்கிறேன்.

16.01.2007, செவ்வாய்

கம்பியூட்டர் பாடத்துக்கு நிரூபா என்று புது டீச்சர் வந்திருக்கிறார். நேர அட்டவணையில் கௌரியின் பெயர் இருந்த இடங்களில் வெள்ளைத்தாள் ஒட்டி எழுதியிருந்தார்கள். வெயில் பட்டால் அடியில் இருப்பது தெரிகிறது.

18.03.2007, ஞாயிறு

இன்று கௌரியோடு பேசினேன். அவள் வீட்டுக்குப் பக்கத்துக் கடை எண் ஒன்று பள்ளிக் கந்தோர்ப் புத்தகத்தில் இருந்தது. போன மாதமெல்லாம் அதற்கு லைனே கிடைக்கவில்லை. ஹட்டனில் போன் எடுக்கிற கொமினிகேஷன் கடையில் இன்று எடுத்ததும் கிடைத்தது. அவளைக் கூட்டி வரச் சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள், குரலிலேயே தெரிந்தது.

எல்லோரும் இருக்கிறார்களாம். வீட்டுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாளாம், அங்கேயே நிரந்தரமாக மாற்றம் கேட்டிருக்கிறாளாம். கடிதம் மார்கழியில்தான் கிடைத்ததாம். நான் திரும்பவும் வாயால் சொல்லப் போனேன். கௌரி, அன்னைக்கு நான் — என்றதுமே அவள் குறுக்கிட்டாள்.

“அதை நான் அப்பவே மறந்திட்டன். நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ. அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்கோ.”

நீங்கள். யோசிக்காதேங்கோ. கோபமாகச் சொல்லவில்லை. அதிபரிடம் பேசுகிற மாதிரி, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி, நல்ல மரியாதையாகச் சொன்னாள். நானும், சரிங்க டீச்சர், ஒடம்பப் பாத்துக்குங்க என்றேன். அப்படித்தான் வாயில் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார், அந்தப் புள்ள எப்ப வருதாம் என்று. அங்கயே வேல கெடைக்கப்போகுதாம், ஒங்கள கேட்டுச்சி என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டார்.